மச்சான் முறை

சலோத்தே மீன் சாற்றுக் கிண்ணத்தை எலெனோவாவின் கையில் திணித்தாள்.

"ஒரு வாயாவது குடிக்க வைடீ. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஃபிஜியில் அண்ணனோடு தங்கை வாய்விட்டுப் பேசக் கூடாது; அது முறை. அண்ணி இறந்தபிறகு சலோத்தேதான் அவனுக்குச் சமைத்தாள், துவைத்தாள். ஒரு வேடிக்கை வார்த்தை பேசியதில்லை. இப்போது நோய் முற்றி, அண்ணன் இசிமேலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். பேச்சுமில்லை, சாப்பாடுமில்லை. பாயின் ஓரத்தை அவன் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பயம்தான். வேறென்ன? அண்ணன் இப்படிப் பயந்துகொண்டே சாகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சபையார் ஒரு குறையும் வைக்கவில்லை. அவரவர் வரத்தின்படி நோயாளிகளைக் கவனியுங்கள் என்று போதகர் சொன்னதிலிருந்து முறைபோட்டு வந்தார்கள். எலெனோவாவுக்குப் பாடுகிற குரல். மெரேவுக்கு எண்ணெய் தேய்க்கிற கை. உபதேசியார் அபிசாய்க்கு ஜெபம். அவர் ஆரம்பித்தால் அடுப்பில் கிழங்கு கரிந்துபோகும். சகியூசாவுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை. "அவனுக்குத் திங்கிற வரம்" என்று சபையே சிரித்தது. சாவு வீட்டில் கேலி பேசுவான் என்று உபதேசியார் அவனை வாசலோடு நிறுத்திவிட்டார்.

சகியூசா அண்ணன் தங்கை இருவருக்கும் மாமன் மகன். அங்கே மச்சான் என்றால் சாகிறவரை கிண்டல்தான். கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். ஒரு பண்டிகை ஞாயிறன்று இசிமேலியின் உடுப்பை ஒளித்துவைத்து, அம்மாவின் பூப்போட்ட பாவாடையோடு அவனைக் கோயிலுக்கு வரவைத்தவன் இவன். கடற்பாறையில் நண்டு பிடிக்கப் போகையில் இரண்டு பேரும் மாறி மாறி வைதுகொண்டே போவார்கள். சலோத்தே கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் சிரித்தபடியே நடப்பாள். என்ன நாட்கள் அவை! அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

கிண்ணம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. சலோத்தே எழுந்து வாசலுக்குப் போனாள்.

"மச்சான், உள்ள வா."

"உபதேசியார் என்னக் கொன்னுருவாரு."

"நான் கூப்பிடுறேன்ல? வா."

சகியூசா பாயருகே சம்மணமிட்டு உட்கார்ந்தான். அபிசாய் ஜெபத்தை நிறுத்தி முறைத்தார். சகியூசா கண்டுகொள்ளவில்லை.

"ஏண்டா மச்சான், இன்னும் கிளம்பலையா நீ? குழி வெட்டி வெச்சிட்டுக் காத்துக் கெடக்கேன். முதுகு ஒடியுது."

எலெனோவா வாயைப் பொத்திக்கொண்டாள். சலோத்தே பின்வாங்கிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். தப்பு பண்ணிட்டோமோ?

சுவர்ப்பக்கமிருந்த தலை மெல்லத் திரும்பியது.

"நீ வெட்டினா... கோணலாத்தான் இருக்கும்."

"உன் கோணக் காலுக்கு அது போதும்டா."

இசிமேலிக்குச் சிரிப்பும் இருமலுமாக வந்தது. அது அடங்கியதும், "பயமா இருக்குடா" என்றான்.

சகியூசா அந்தக் கையைப் பாயிலிருந்து பிரித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கும்தான் பயமா இருக்கு. நாளைக்கு நான் யாரப்போய் வைவேன்?"

கதவுக்கு வெளியே சலோத்தே துணி நுனியால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் சாறு வேண்டுமென்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

மறுநாள் மதியம், மச்சான் மடியில் கை வைத்தபடியே, இசிமேலி போய்விட்டான்.

அடக்கத்தன்று முறைசெய்ய வந்த பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் குவிந்தன. எலெனோவா பாடினாள். அபிசாய் ஜெபித்தார், அன்றைக்குச் சுருக்கமாகவே. பெட்டியை இறக்கியதும் எல்லோரும் சகியூசாவைப் பார்த்தார்கள். மச்சான் ஏதாவது சொல்லித்தான் வழியனுப்ப வேண்டும். அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தான். கண்ணீர்தான் வழிந்தது. ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் பேச முடியாத கேலியெல்லாம் சலோத்தேவின் தொண்டையில் வந்து நின்றது. மாமன் மகனை அவள் கேலி பேசலாம்; முறைதான்.

"மச்சான்" என்றாள் உரக்க. "அழுகைய நிறுத்து. உன் மூஞ்சியப் பாத்து எங்கண்ணன் பயந்து எந்திரிச்சி வந்துரும்."

அபிசாய்தான் முதலில் சிரித்தார். சகியூசா சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அடுத்த பாட்டை எடுக்க வேண்டிய எலெனோவா, சிரிப்பை அடக்க முடியாமல் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.