ஸ்டெல்லா படுத்த மத்தியானம்

நானூறு கிலோ குதிரை ஒன்று என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது, ஆட்டுக்குட்டி இல்லை, குளம்பும் லாடமுமாக அசல் குதிரை, அது விடுகிற குறட்டையில் கொடைக்கானல் ஏரியே அலையடித்துப் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன, இப்படி நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் கம்பவுண்டராக இருந்தவனுக்குப் பென்ஷனோடு கொஞ்சம் பொய்யும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புகிறார்கள், ஆனால் இது பொய்யில்லை, எடையை வேண்டுமானால் ஐம்பது கிலோ குறைத்துக்கொள்ளலாம், சிசிலி மட்டும் சிரிக்கக்கூட மாட்டாள், இந்தண்ணன் விடுற புளுகுல ஒருநா நெஞ்சடைச்சுத்தான் நிக்கப்போறாக, என்பாள், பதினோரு வருஷமாக அதே பேச்சு, குதிரை அவளுடையது, நடந்தது அவள் வீட்டுப் பின்கட்டில், பார்த்திருக்கக்கூடிய இன்னொரு ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

ஸ்டெல்லா வெள்ளைக் குதிரை, சிசிலியின் புருஷன் சவரிதாசன் ஏரிக்கரையில் சவாரி விட்டது, அந்த வருஷம் மார்கழிக் குளிரில் தாசனுக்கு நெஞ்சில் சளி கட்டியது, பதினேழே நாளில் போய்ச்சேர்ந்தான், மறுவாரமே சிசிலி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றாள், தையில் குதிரை இருமத் தொடங்கியது, முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி, பிறகு மலையே செருமுகிற மாதிரி, மூக்குத்துளை டீ கிளாஸ் அகலத்துக்கு விரிகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு இரண்டு தடவை அமுங்குகிறது, ஒருதடவை எல்லா உயிரையும்போல, இன்னொரு தடவை ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி, விலாவில் கோடே விழுந்துவிட்டது, குதிரை நின்றே தூங்கும் என்பார்கள், அது அரைத்தூக்கம், கண்ணயர்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும், ஸ்டெல்லா படுக்காது, படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அதற்குத் தெரியும், நிற்கிறது, நின்றபடியே சொக்குகிறது, முன்னங்கால் மடிகிறது, திடுக்கிட்டு நிமிர்கிறது, பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருக்கும், மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலை பார்க்க முடியாத ஓர் உயிர்.

டாக்டர் ஊசி எழுதுவார், நான் போய்ப் போடுவேன், நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் மறுபடி, கடைசியில் அவரே சலித்துப்போய், இனி வதைக்கக் கூடாதும்மா, பன்னிரண்டு நாள் பார்ப்போம், அப்புறம் ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிரலாம், என்றார், சிசிலி முந்தானையைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள், அன்றைக்கு அவளோடு குதிரையை நடத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன், வழியில் அவ்வளவாக இருமல் இல்லை, கொட்டகைக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டது, உள்ளே ஒரே இருட்டு, சன்னல், கதவுச் சந்து, ஓட்டிடுக்கு எல்லாவற்றிலும் சாக்கு வைத்து ஆணியடித்திருக்கிறாள், போன வருஷத்து உலர்ந்த புல் கூரைவரை, கூளம் முழங்கால்வரை, போதாததற்கு இருமலுக்கு நல்லது என்று சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி, ஒரு புல்கட்டைப் பிரித்து உதறினேன், வெள்ளையாகப் பூசணம் பறந்தது, நான் இருமிய இருமல் பெருமாள்மலைவரை கேட்டு அங்கிருந்து ஆள் ஓடிவந்தான் என்று பிறகு கதை சொல்வேன், உண்மையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், நாலே உதறலுக்கு எனக்கே இப்படி, இதற்கு ராவும் பகலும் இதுதானே மூச்சு.

சாக்கைப் பிடுங்க ஆரம்பித்தேன், சிசிலி ஓடிவந்து கையைப் பிடித்தாள், என்னாண்ணே செய்றீக, குளிருல அவுகளத்தான் பறிகுடுத்தேன், இதையும் கொல்லணுமா, என்றாள், தாயி, குளிர் கொல்லலை, இந்தத் தூசிதான் கொல்லுது, வெளிய கட்டு, என்றேன், ஒங்க பேச்சக் கேட்டு ஊருல எந்த மாடு பொழச்சிருக்கு, என்று கத்தினாள், வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள், அதன்பிறகு பல நாள் என்னோடு பேச்சும் இல்லை, தடுக்கவும் வரவில்லை, நான் ஆஸ்பத்திரி வேலைக்கு முன்னாலும் பின்னாலும் வந்தேன், குதிரையைப் பேரிக்காய் மரத்தடியில் கட்டிக் கம்பளி போர்த்தினேன், புல்லை அரை டிரம் தண்ணீரில் முக்கி எடுத்தேன், ஊரார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கம்பவுண்டரு புல்லக் குளிப்பாட்டுறாரு, அடுத்து பவுடர் போடுவாரு, என்றார்கள், நாலாம் நாள் ஒன்றும் தெரியவில்லை, ஏழாம் நாள் இரண்டாவது அமுங்கல் லேசாக இருந்ததா, நானே அப்படி நினைத்துக்கொண்டேனா, கைவிரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய், எனக்கும் போதும் போதும் என்றிருந்தது, பதினோராம் நாள், டாக்டர் சொன்னதில் இன்னும் ஒருநாள்தான் மிச்சம், ஞாயிறு மத்தியானம், தூறல், ஈரப்புல்லைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டெல்லா ஒரு சுற்றுச் சுற்றுகிறது, தரையை மோந்து பார்க்கிறது, முன்னங்கால் மடிகிறது, சொக்கி மடிகிற மடிப்பில்லை, வேண்டுமென்றே, மெதுவாக, ஒரு வீடு உட்காருகிற மாதிரி உட்காருகிறது, சாய்கிறது, அந்தப் பெரிய தலை என் தொடைமேல் வந்து கனக்கிறது, நான் அசையவில்லை, கால் மரத்துப்போனது, வாய்கொள்ளாத புளுகு புளுகுகிற நான் அந்த நேரத்தை மட்டும் ஒரு மணி நேரம் என்று குறைத்தே சொல்வேன், கூட்டிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

போன மாதம் ஸ்டெல்லா செத்துப்போனது, கிழடாகி, படுத்தவாக்கில், துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன், சிசிலியின் புது மருமகன், தேனிக்காரப் பையன், அந்தக் கதையச் சொல்லுங்க பெரியப்பா, என்றான், சொன்னேன், ஏரியில் அலை எழுப்பத் தெம்பில்லை, படகுகளை அப்படியே விட்டுவிட்டேன், அவன் சிரித்துக்கொண்டே, நெசமாவா அத்தை, என்று திரும்பினான், வழக்கமான பேச்சுக்குக் காத்திருந்தேன், அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள், அவுகளையும் அப்பிடித்தான் மாப்ள வச்சிருந்தேன், சன்னல அடச்சு, கதவச் சாத்தி, பொகையப் போட்டு, பதினேழு நாளு, இது பொழச்சத ஒத்துக்கிட்டா அவுக போனத எங்க கொண்டுபோயி வைக்க, என்றாள், பிறகு என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னாள், படுத்துச்சு, அண்ணன் மடியிலதான் படுத்துச்சு, அடுப்படிச் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஒரு மணி நேரமுன்னு சொல்றாகல்ல, அதுதான் பொய்யி, மூணு மணி நேரம்.