முதல் பக்கத்தில் ஆரோக்கியராஜ் சார்

ஆரோக்கியராஜ் நான்காவது முறையாக மாடிப்படி ஏறி வந்தபோது கரண்ட் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. பேட்டரியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்த மலர்க்கொடி, அவரைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தாள்.

"இன்னும் மேலயேதாம்மா இருக்கு," என்றார் அவர், உட்காராமலே.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது 'கெடிலம் வீடியோ' அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு பேர். முதலாளி திருநாவுக்கரசு ஒருவர். புரோகிராம் எழுதுவது, போன் எடுப்பது, திட்டு வாங்குவது மூன்றுக்கும் மலர்க்கொடி. கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஜனங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணம், தேர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றையும் வீடியோவாக அதன் இணையதளத்தில் ஏற்றுவார்கள். சிங்கப்பூரிலும் சவுதியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள்.

ஆரோக்கியராஜ் கடலூரில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். 2011 பிப்ரவரியில் நடந்த விளையாட்டு விழாவில், பரிசு மேடையில் மைக்கைச் சரிசெய்தவர் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பின்னால் மேடை இல்லை. லெமன் ஜூஸ் டிரம் இருந்தது. அதற்குள் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டார். நாலு பையன்கள் கையையும் காலையும் பிடித்து இழுத்தார்கள். வாயிலிருந்த விசில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு பையன் எடுத்த வீடியோவில் மொத்தம் நாற்பத்தோரு விநாடி.

"ஏத்தட்டுமா சார்னு பசங்க கேட்டப்ப நாந்தான் சரின்னேன்," என்று முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தார். "நானும் வீட்ல உக்காந்து சிரிச்சேன். ரெண்டு வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் கீழ போயிடுச்சி. மறந்துட்டாங்க."

ஜூலையில்தான் சனியன் பிடித்தது. சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்த திருநாவுக்கரசு, "இனிமே முதல் பக்கத்துல புதுசு வேணாம். அதிகம் பாத்ததுதான் மேல இருக்கணும்," என்றார். மலர்க்கொடி மாற்றினாள். மறுநாள் காலையில் தளத்தின் உச்சியில் டிரம்முக்குள் உட்கார்ந்திருந்தார் ஆரோக்கியராஜ். அன்றிலிருந்து இறங்கவேயில்லை. மேலே இருப்பதால் பார்த்தார்கள். பார்ப்பதால் மேலேயே இருந்தது.

"எடுத்துரட்டுமா சார்? ஒரு நிமிஷ வேலை," என்றாள் மலர்க்கொடி.

"எடுத்தா பயந்து எடுத்துட்டாருன்னு அதுக்கு வேற சிரிப்பானுங்க. எடுக்கச் சொல்லலியேம்மா. எல்லாம் பழசாவுதுல்ல? என்னோடது மட்டும் ஏன் பழசாவ மாட்டேங்குது? ஆறாங்கிளாஸ் பையன், இந்த வருஷம் சேந்தவன், அவன் விழாவுக்கே வந்தது கெடையாது. கிரவுண்டுல என்னைப் பாத்து 'சார், ஜூஸ்'ங்கறான்."

அவர் போனதும் மலர்க்கொடி முதலாளியின் மேசைக்குப் போனாள். "சார், அவங்கவங்களே முடிவு பண்ணிக்கட்டும். புதுசு முதல்ல, அதிகம் பாத்தது முதல்ல, நம்ம ஊர் முதல்ல. மூணுல எது வேணுமோ எடுத்துக்கட்டும்."

"சாய்ஸ் குடுத்தா ஜனங்க கொழம்பிடுவாங்க மலர்."

"இப்ப மட்டும் தெளிவா இருக்காங்களா? தெனம் எத்தினி போன் வருதுன்னு தெரியுமா சார் உங்களுக்கு?"

அவர் போன் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "சரி, வையி. ஓரமா, சின்னதா வையி."

மூன்று நாளில் முடித்தாள். முதல் பக்கத்தின் வலது மூலையில், நகக்கண் அளவுக்கு ஒரு பட்டன். ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டு வழி சொன்னாள். அவர் 'புதுசு முதல்ல' என்பதை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "போயிடுச்சிம்மா! யாரோ காது குத்து வச்சிருக்காங்க, அது வந்திருக்கு. நல்லா இருப்பம்மா நீ."

மலர்க்கொடி அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. அவர் குரல் தணிந்திருந்தது. "ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல இப்பதான் பாத்தேன். எனக்குத்தாம்மா போயிருக்கு. ஊருக்குப் போவல."

மலர்க்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவர் தேர்ந்தெடுத்தது அவருடைய திரைக்கு மட்டும்தானே! இதை யோசிக்காமல் மூன்று நாள் என்னத்தைக் கிழித்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. கணக்கை எடுத்துப் பார்த்தாள். வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட அந்தப் பட்டனைத் தொடவில்லை. மற்றவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

"சார், ஓரமா வச்சது வச்ச மாதிரியே இல்ல," என்று முதலாளியிடம் போய் நின்றாள். "உள்ள வந்ததும் நாமளே ஒரு தடவை கேக்கணும். எது முதல்ல வேணும்னு. பதில் சொன்னாத்தான் பக்கமே தொறக்கணும்."

"கோயில் வாசல்ல நின்னு எந்த சாமியப் பாக்கப் போறன்னு கேப்பாங்களா? போ, வேலையப் பாரு."

அவள் போகவில்லை. இன்னும் என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய செல்போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மனைவியின் தம்பி. ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, புதுமனை வீடியோ போட்டுட்டேன்னீங்களே, எங்க? அரை மணி நேரமா தேடுறேன். யாரோ ஒருத்தர் டிரம்முல உக்காந்திருக்காரு, அவருதான் திரும்பத் திரும்ப வர்றாரு."

"இருக்கும் பாருடா," என்றபடி திருநாவுக்கரசு தானே தேடினார். இரண்டாம் பக்கம். நான்காம் பக்கம். ஏழாம் பக்கத்தில், யாரோ வீட்டு நாய்க்குக் கீழே, அவருடைய புது வீடு இருந்தது. மொத்தம் ஆறு தடவை ஓடியிருந்தது. அதில் நாலு தடவை பார்த்தது அவரேதான்.

போனை வைத்தார். இப்போது பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று மலர்க்கொடிக்குத் தெரிந்தது.

"என்னத்தையோ பண்ணித் தொலை," என்றார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தக் கேள்வி வந்தது. 'முதலில் எதைப் பார்க்க வேண்டும்?' கீழே மூன்று கட்டங்கள், மூன்றும் ஒரே அளவு. பத்தில் ஆறு பேர் புதுசு கேட்டார்கள். மூன்று பேர் தங்கள் ஊர் கேட்டார்கள். மிச்சம் ஒருவர் அதிகம் பார்த்ததைக் கேட்டார். பெரும்பாலான திரைகளிலிருந்து டிரம் கீழே இறங்கியது. பள்ளியில் பையன்கள் வேறு யாரையோ கேலி செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் போன் நிற்கவில்லை. பல பேர் மாறி மாறி உட்காருகிற பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களில் நேற்றுச் சொன்ன பதில் தங்கவில்லை; அங்கே பார்க்கிறவர்களிடம் தளம் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டது. "நேத்துதானே சொன்னேன், மறுபடி ஏன் கேக்குது?" என்று கத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் மலர்க்கொடி விளக்கினாள். தொண்டை கட்டிக்கொண்டது.

ஆரோக்கியராஜ் ஒரு சனிக்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு படியேறி வந்தபோதும் அவள் விளக்கிக்கொண்டுதான் இருந்தாள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் இன்னொரு போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் அவரே எடுத்தார்.

"ஹலோ, கெடிலம் வீடியோ!" மைதானத்துக் குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பரங்கிப்பேட்டையிலிருந்து ரசியா என்று ஒரு பெண். அவளும் குறைந்த குரலில் பேசுகிறவள் இல்லை. அறை முழுக்கக் கேட்டது. "என்னாங்க இது, முன்னாடி தானா வந்துச்சி. இப்ப என்னமோ கேள்வி கேக்குது. புள்ளைங்க அழுவுதுங்க. ஒரு வாத்தியாரு ஜூஸ் டிரம்முல விழுவாரே, அது எங்கங்க?"

மலர்க்கொடி தன் போனை அப்படியே பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

ஆரோக்கியராஜ் ஸ்வீட் பாக்ஸை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"மூணு கட்டம் தெரியுதாம்மா? ரெண்டாவது. 'அதிகம் பாத்தது'ன்னு இருக்கும். அத அழுத்துங்க." காத்திருந்தார். "வந்துச்சா?"

மறுமுனையில் விசில் சத்தமும், அதைத் தொடர்ந்து குழந்தைகளின் சிரிப்பும் கேட்டன.

"வந்துச்சி, வந்துச்சி," என்றார் மலர்க்கொடியைப் பார்த்து, போனை வைத்துவிட்டு.