பேசாத பத்துப் பேர்

...இன்னும் பத்து நிமிடம்தான், அதற்குள் யாராவது ஒருவன் வாயைத் திறந்துவிட மாட்டானா, ஒரு இருமல் இருமினால்கூடப் போதும் என்று நினைத்துக்கொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன், அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை, சரியாகத்தான் இருந்தது, ஆனால் கை எதையாவது செய்யாவிட்டால் கண் தங்கதுரையின் பக்கம் போய்விடும். தங்கதுரை எங்கள் கோல்கீப்பர். மூலையில் தனியாக, முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி ஆட்டம் முடிந்திருந்தது, பெண்ணாடத்து அணி ஒரு கோல் முன்னால், அந்தக் கோல் அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவில் உருண்டு உள்ளே போனது. அரையிறுதி ஆட்டம், விருத்தாசலமே வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வயதுதான் அவனுக்கு, பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை... யாராவது எழுந்துபோய் அவன் தோளில் ஒரு கையை வைத்தால் என்ன? யாரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நாங்கள் உடை மாற்றும் இந்த அறை முன்பு கம்பெனியின் அச்சுக் கிடங்கு. பீங்கான் பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சுகள் மூன்று சுவரிலும் பலகை பலகையாக இன்னும் இருக்கின்றன, எல்லாம் பாதி முகங்கள், உள்பக்கமாகக் குழிந்தவை. அந்தக் குழிந்த முகங்களுக்கு ஒரு குணம் உண்டு, நாம் நகர்ந்தால் அவையும் கூடவே நம் பக்கம் திரும்பும். அதெல்லாம் வெளிச்சத்தின் வேலை என்று மேனேஜர் சுப்புராயன் ஒருமுறை விளக்கிச் சொன்னார், சொல்லிவிட்டு அவரே வாசலோரமாய்ப் போய் நின்றுகொண்டார். பந்தாடுவதற்காகவே கம்பெனி எங்களை வேலைக்கு எடுத்திருந்தது. காலையில் சூளைப் பக்கம் நான்கு மணி நேரம் பெயருக்கு ஒரு வேலை, மதியத்துக்கு மேல் மைதானம். அறுபத்தெட்டில் அணி ஆரம்பித்தது, மூன்று வருடமாக ஜெயித்துக்கொண்டே இருந்தோம், ஜெயித்த அணி கூச்சலும் சிரிப்புமாகத்தானே இருக்க வேண்டும்? இப்போதும் சுப்புராயன் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, எழவு வூடு மாதிரி குந்தியிருக்கீங்க? ஒரு கோலுதானே போயிருக்குது? ஒருத்தருக்கொருத்தர் எதுனா பேசுங்கய்யா" என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்தார், எங்களை வரிசையாகப் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் குரல் உள்ளே போய்விட்டது, வெளியே போய்விட்டார்.

இவ்வளவுக்கும் ராஜாங்கம் இப்போது இல்லை. அவன் மதராஸில் பெரிய அணி ஒன்றில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, ஜன்னலோரத்தில் அவன் உட்காருகிற இடத்தில் மட்டும் இன்னும் யாரும் உட்காருவதில்லை, நெருக்கியடித்துக்கொண்டு மீதி இடத்தில் உட்காருகிறோம். கேப்டன், சென்டர் ஃபார்வர்டு, போன வருடம் மட்டும் முப்பத்தொரு கோல். அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, கெட்ட வார்த்தை ஒன்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. தப்பு செய்தவனை அவன் பார்க்க மாட்டான். அவ்வளவுதான். பார்வை அந்த ஆளுக்குள் புகுந்து பின்னால் இருக்கிற சுவருக்குப் போய்விடும், நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. அந்தப் பார்வை இன்றைக்கு யாரைத் தாண்டிப் போகிறது என்று கவனிப்பதே எங்கள் எல்லோருக்கும் வேலையாகிப் போனது.

சாமிதுரையை அது தாண்டிப் போனது கடலூர் ஆட்டத்துக்குப் பிறகு. சாமிதுரை இடது ஓரத்தில் எனக்கு நேர் முன்னால் ஆடுகிறவன், நான் லெஃப்ட் பேக், இரண்டு வருடம் அவன் முதுகைப் பார்த்தே ஆடியிருக்கிறேன், பந்தை எடுத்தால் தலை தூக்காமலே அடிப்பேன், அவன் அங்கே இருப்பான். கடலூரில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான், தோற்றோம். திரும்பி வந்ததும் இதே அறையில் டீ வந்தது. கெட்டில் அன்றைக்கு என் கையில். நான் ஒவ்வொரு கிளாசாக ஊற்றிக்கொண்டே போனேன், சாமிதுரை கிளாசை நீட்டினான், நான் ராஜாங்கத்தைப் பார்த்தேன், ராஜாங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்... நான் அடுத்த கிளாசுக்குப் போய்விட்டேன். ஏன் போனேன்? அவன் தலையசைத்தானா? கண் காட்டினானா? எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், அவன் சுவரைப் பார்த்ததுதான் ஞாபகம் வருகிறது, வேறொன்றும் வரவில்லை. சாமிதுரை நீட்டிய கிளாசைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரித்தான். "என்னடா நூரு, எனக்குக் கெடையாதா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் சூளையிலும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

ஏழு வாரம். முதல் வாரம் விளையாட்டு என்று நினைத்தான், எங்களைக் கிண்டல் செய்தான். பிறகு மன்னிப்புக் கேட்டான். பிறகு சொன்னதையே இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தான், கேட்கவில்லையோ என்று. பிறகு பலகையில் இருந்த அச்சுகளிடம் பேசினான், மெதுவாக, பக்கத்தில் நின்றால் மட்டும் கேட்கிற மாதிரி. ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நின்று, "நான் இங்க இருக்குறேனாடா? யாராச்சும் ஒருத்தன் சொல்லுங்கடா, போதும்" என்றான். நான் அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தேன். அவன் மூச்சு என் மேலே பட்டது. நான் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டேன். அடுத்த வாரம் அவன் பெண்சாதி ஆராயி கம்பெனி வாசலில் என்னை நிறுத்தினாள். "பாய், அவரு வூட்டுலயும் பேச மாட்டேங்கறாருங்க. சோறு வெச்சா திங்கிறாரு, அவ்ளோதான். கூட ஆடுறவங்கள்லாம் என்னா சொல்றாங்கன்னு நேத்து கேட்டேன். அங்க ஆளு யாரும் இல்ல, வெறும் அச்சுங்கதான் இருக்குது, பத்து அச்சுன்னு சொல்றாரு. என்னாங்க நடக்குது உள்ள?" ஒன்றுமில்லையம்மா, வெயில், உடம்பு சூடு என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், நிஜமாகவே முகம்தானா என்று சோதிக்கிற மாதிரி... அந்த மாதமே இரண்டு பேரும் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் அவளுடைய ஊருக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமிதுரை, சாமிதுரை என்று கூப்பிட்டேன். திரும்பினான். அவன் பார்வை எனக்குள் புகுந்து பின்னால் இருந்த சுவருக்குப் போனது. அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராஜாங்கம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். அதையும் அவன் கிளம்புகிற அன்றைக்குக் கெடுத்துவிட்டுப் போனான். எல்லோருக்கும் கை கொடுத்தான், கடைசியாக என்னிடம் வந்தான், என் கையை விடவில்லை. "நூரு, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருக்குறேன். அவன்கூட பேசாதீங்கன்னு நான் ஒரு நாளாச்சும் சொன்னேனா? நீங்க எதுக்குப் பேசாம இருந்தீங்க?" பொய் சொல்கிறானா என்று கண்ணைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் என்னைத் தாண்டாமல் என்னையே பார்த்தான். "தோத்துப்புட்டா எனக்கு யாரு மூஞ்சியையும் பாக்கப் புடிக்காது, சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நீங்க எல்லாரும் அப்படி மாறுனத பாத்துட்டு, எனக்கே இந்த ரூமுக்குள்ள வர பயமா இருந்துது. அதான் போறேன்" என்றான். அவன் கை ஜில்லென்று இருந்தது. பொய்யாகத்தான் இருக்க வேண்டும்... பொய்யில்லை என்றால்?

இன்றைக்குச் சுவரைப் பார்க்க அவன் இல்லை. ஆனாலும் தங்கதுரை உள்ளே வந்தபோது பெஞ்சில் எல்லோரும் ஒரே சமயத்தில் பரவி உட்கார்ந்தோம், இடம் இல்லாத மாதிரி, யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோல்... அந்தக் கோல் என் பக்கத்திலிருந்து வந்தது. ஓரத்தில் ஓடிவந்தவனை நான்தான் பிடித்திருக்க வேண்டும். "பாய், ஆளு! ஆளு!" என்று தங்கதுரை கத்தினான், கேட்டது, நன்றாகக் கேட்டது, நான் நடுவில் இருந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எல்லோரும் பார்த்தது கடைசியில் அவன் காலை மட்டும்தான். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டால்? ஏழு வாரம் என்பது எத்தனை நாள், நாற்பத்தொன்பது... வீட்டில் என் பெண்சாதி சாதிகாவிடம் பேசலாம், கடைத்தெருவில் பேசலாம், அது போதாதா ஒரு மனிதனுக்கு? சாமிதுரைக்கு ஏன் போதவில்லை?

"தங்கதுரை" என்றேன். குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. "அது ஒன் தப்பு இல்லடா. நீ ஆளுன்னு கத்துன, எனக்குக் கேட்டுச்சு. நான்தான் அவன விட்டுட்டேன்." அறையில் கயிறு கட்டுகிற சத்தமெல்லாம் நின்றது. தங்கதுரை மெதுவாகத் தலையைத் தூக்கினான், கண் சிவந்திருந்தது. "நெஜமாவா பாய்?" என்றான். "நெஜமாத்தான்." அவன் என்னைப் பார்க்கவில்லை, மற்ற ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான், பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், நடந்து வந்தான், பெஞ்சில் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ பாதி ஆரஞ்சைப் பிட்டு அவன் கையில் வைத்தார்கள். "காத்து அவனுங்க பக்கந்தான் அடிக்குது, இப்ப நமக்கு மாறிடும்" என்றார்கள் யாரோ. "ஆமாண்ணே, இப்ப நமக்குத்தான்" என்றான் தங்கதுரை. அவ்வளவுதான், அடைத்துக்கொண்டிருந்தது உடைந்த மாதிரி எல்லோரும் பேசினார்கள், ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்கு நெஞ்சு லேசானது. நானும் சொன்னேன், "ரெண்டாவது பாதியில நான் கொஞ்சம் பின்னாடி எறங்கி நிக்கிறேன்டா" என்று. பேச்சு என் சத்தத்துக்காக நிற்கவில்லை, நடுவில் ஒரு இடைவெளிகூட விடவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பவும் ஒருமுறை சொன்னேன்... இரண்டு தடவை சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. தங்கதுரை எனக்கு நேர் எதிரே இருந்தான். அவன் பார்வை வந்தது, என் மேல் நிற்காமல் பின்னால் போய்விட்டது. அவனிடம் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. காய்ச்சல் விட்ட ஆளின் முகம் அது, அப்படி ஒரு நிம்மதி, வாயோரத்தில் சிரிப்புகூட வரப் பார்த்தது, உயிரோடு தப்பித்து வந்துவிட்ட ஒருவனின் சந்தோஷம். வெளியே விசில் ஊதினார்கள், எல்லோரும் எழுந்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. ஏழு வாரமும் சாமிதுரை எங்களிடம் பார்த்துக்கொண்டிருந்தது கோபத்தை என்றுதானே நான் நினைத்திருந்தேன்... பொத்தான் போட்டுக்கொண்டு அவன் முன்னால் நின்றபோது, என் முகமும் இப்படித்தான் இருந்ததா?