பேய்மேசை மேல் ஒரு கேபினெட்

பெட்டியைப் பிரித்த உடனேயே அக்காவுக்கு அந்த கம்ப்யூட்டர் கேபினெட் பிடித்துப்போய்விட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிச் சாமான் தொழிற்சாலையில் பேக்கிங் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள். பார்வைக்கு அழகாக வருகிற பெட்டிதான் முதலில் வாயைப் பிளக்கும் என்பது அவள் தினமும் காண்கிற காட்சி.

கூடத்துத் தரையில் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்த தம்பிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கறுப்பு இரும்புச் சட்டம், காற்று உள்ளே வர முகப்பில் சல்லடை மாதிரி வலை, இடப்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"மிட்-டவர்னா இதுதான்கா மிட்-டவர். இதைவிடப் பெருசு கப்பல் கேபின்ல மேசைக்குக் கீழ போகாது. இதைவிடச் சின்னதுல என் கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது."

"நுழையுதான்னு முதல்ல பாரு."

நுழைந்தது. கார்டின் வாலுக்கும் முன்பக்க ஃபேனுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட மிச்சம் இருந்தது. தம்பி வெற்றி பெற்றவனைப் போல அவளைப் பார்த்தான். அவள் சிரித்து வைத்தாள்.

அவன் ஒரு சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். போன பயணத்தில் கையோடு ஒரு லேப்டாப் கொண்டு போயிருந்தான். வேலை முடிந்ததும் அதில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடுவான். ஜெயித்தால் அக்காவுக்குச் செய்தி அனுப்புவான். நடுக்கடலில் ஒருநாள் அது சூடேறிக் கருகிவிட்டது. கடலில் எந்தக் கடைக்குப் போவது? அதற்குப் பிறகு அவன் செய்திகள் தேய ஆரம்பித்தன. நீளமாக எழுதுகிறவன் "சரி" என்றான். பிறகு "ம்" என்றான். பிறகு அதுவும் இல்லை. கன்னம் ஒட்டி, பேச்சு மறந்தவனாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, இவன் கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தது தெரியாமல் நாம் தின்று தூங்கிக்கொண்டிருந்தோமே என்று அக்கா உடைந்து போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வேலை நேரம் போக மீதி நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, கையும் மனசும் சேர்ந்து எதையாவது செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் இந்த கம்ப்யூட்டர். ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுக்கும்போது அவன் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறியதை அவள் பார்த்திருந்தாள்.

அதனால்தான் அவள் குறை தேடிக்கொண்டே இருந்தாள். இது நடுக்கடலில் படுத்துவிட்டால்?

மறுநாள் முழுக்க எல்லா பாகங்களையும் பூட்டி, விளையாட்டை ஓடவிட்டு, சூடு பார்த்தார்கள். வலை வழியாகக் காற்று தாராளமாக வந்தது, கார்டு சூடேறவில்லை. ஃபேன் சத்தமும் தொந்தரவில்லை. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் தம்பி கண்ணாடியின் மேல் விளிம்பை ஒரு விரலால் நெம்பினான். 'டப்' என்று கண்ணாடிக் கதவு கழன்று அவன் கைக்கு வந்தது.

"பாத்தியா! ஸ்க்ரூவே கிடையாது. கிளிப்புதான். ஒரு விரல் போதும்."

"ஒரு விரலுக்கு வர்றது ஒரு அலைக்கு வராதா?"

"ஆரம்பிச்சிட்டியா? கப்பல் என்ன ஊஞ்சலா?"

"சாப்பாட்டுத் தட்டு மேசையை விட்டு ஓடும்னு நீதானடா சொன்ன?"

தம்பி கண்ணாடியைத் திரும்ப அழுத்தி மாட்டினான்.

"எங்க தொழிற்சாலைக்கு எடுத்துட்டு வா. மேசையில வெச்சு ஆட்டிப் பாத்துடலாம்" என்றாள் அக்கா.

"உன் பேய்மேசையிலயா? என் கார்டையா? உனக்கு மூளை கழண்டு போச்சா?"

பேய்மேசை என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் சரக்கு படும் பாட்டை அப்படியே படுத்திக் காட்டும் அதிர்வு மேசை அது. அதன் மேல் ஏற்றிக் கட்டி விசையைத் தட்டினால் பெட்டிகள் சாமி வந்தவை போல ஆடும்.

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அவள் கணவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "மச்சான், இங்க உடைஞ்சா கடைக்குப் போகலாம். அங்க உடைஞ்சா மீன்கிட்டதான் கேக்கணும்."

"நீங்களுமா மாமா?" என்றான் தம்பி. ஆனால் மறுபடி மறுக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் போகிற வழியில் கேபினெட்டை மடியில் வைத்து, சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியபோது உள்ளே எங்கோ 'டிக்' என்றது. ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்கும் கேட்டது. இருவரும் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

சோதனைக் கூடத்தின் மேற்பார்வையாளருக்கு 'ஐயோ சார்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். "ஐயோ, கம்ப்யூட்டராம்மா? ஐயோ, ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

கப்பலில் கட்டி வைப்பதைப் போலவே பெல்ட்டால் கேபினெட்டை மேசையோடு இறுக்கினாள். தம்பி நான்கு மூலையையும் அசைத்துப் பார்த்து, மேலும் ஒரு இழுப்பு இழுத்தான். அக்கா விசையைத் தட்டினாள்.

முதலில் லேசான நடுக்கம். சாலையில் லாரி போவது மாதிரி. பிறகு கொஞ்சம் கூட்டினாள். சட்டம் அசையவில்லை, திருகுகள் நின்ற இடத்தில் நின்றன. தம்பியின் உதடு ஓரமாக விரிந்தது. வீட்டில் குத்திக் குத்திப் பேசினோமே, பெட்டி தேறிவிடும் போலிருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டுக் கிளம்பலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் கை பழக்கத்தில் அடுத்த விசைக்குப் போயிற்று. மேசை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. கடலின் ஆட்டம்.

கண்ணாடிக்குள் கிராஃபிக்ஸ் கார்டின் வால் தலையாட்டத் தொடங்கியது. முதலில் அடக்கமாக, பிறகு ஆமாம் ஆமாம் என்பது போல.

"நிறுத்தட்டுமா?"

"விடுக்கா. தாங்குது பாரு."

அவள் விரல் சிவப்புப் பொத்தான் மேல்தான் இருந்தது. மேசை நாலைந்து முறை சாய்ந்து எழுந்தது. மேல் கிளிப் விட்டது. வெளியே யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது போலக் கண்ணாடிக் கதவு முன்னால் சாய்ந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். ஆனால் மேசை ஓடி வந்த வேகத்தில் இன்னொரு சாய்வு சாய்ந்துதான் நின்றது. கண்ணாடி மூலை குத்தி சிமென்ட் தரையில் விழுந்து, ஒரே சத்தத்தில் மணிமணியாகச் சிதறியது. தெறித்த மணிகள் கேபினெட்டுக்குள்ளும் ஃபேன்களுக்குள்ளும் புகுந்து கலகலத்தன.

ஐயோ சார் வாயைத் திறந்தார். அந்த ஒரு முறை மட்டும் அவருக்கு ஐயோ வரவில்லை.

"திருப்தியா?" என்றான் தம்பி. குரல் மிகத் தணிந்திருந்தது.

"டேய், நான்..."

"நான் வந்ததுலேருந்து பாக்கறேன். ஓரமா உக்காரு, மெதுவா நட, மாத்திரை போட்டியா, தூங்கினியா. உங்க பேக்கிங்ல வர்ற கண்ணாடிச் சாமானாக்கா நான்? பஞ்சு வெச்சு, அட்டை வெச்சு, மேல 'கவனமாகக் கையாளவும்'னு ஒட்டி அனுப்பப் பாக்கற."

ஐயோ சார் துடைப்பம் தேடுகிற சாக்கில் நழுவிவிட்டார்.

தம்பி கீழே குந்தி, கண்ணாடி மணிகளைக் கையால் அள்ள ஆரம்பித்தான். அவளைப் பார்க்காமலேயே பேசினான்.

"என் கேபினுக்கு ஜன்னல் கிடையாதுக்கா. ஒரு ட்யூப் லைட்டு. நாலு பக்கமும் இரும்பு. இதுல லைட்டு எரியும், ஃபேன் சுத்தும். ராத்திரி முழிப்பு வந்தா, பக்கத்துல ஏதோ ஒண்ணு உசுரோட இருக்குன்னு தெரியும். அதுக்குத்தான் கண்ணாடி. ஷோவுக்குன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தாள். கார்டின் நீளத்தைக் கேட்டாள், சூட்டைக் கேட்டாள், விலையைக்கூடக் கேட்டாள். ஏன் கண்ணாடி என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நீ கேட்டியா?"

அவளும் பக்கத்தில் குந்தினாள். பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, காற்று அடித்து, டார்ச் வெளிச்சத்தில் இண்டு இடுக்கெல்லாம் தேடினார்கள். கண்ணாடித் தூள் ஒன்று மதர்போர்டின் இடுக்கில் மின்னும்போதெல்லாம் அவள் டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஐயோ சாரின் மேசைத் திரையை இணைத்து, தம்பி பொத்தானை அழுத்தினான்.

ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டான். மறுபடி கறுப்பு. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. தப்பு என்னுடையது, மேசைக்கு இழுத்து வந்தவள் நான், இவன் இனி வெறுங்கையோடு கப்பலேறப் போகிறான் என்று அக்காவின் மனசு எங்கெங்கோ ஓடியது. அவன் மெமரிப் பட்டையைக் கழற்றினான். அதன் பல் வரிசையைச் சட்டை நுனியால் துடைத்தான். கை நடுங்கியதால் அது பள்ளத்தில் உட்கார மறுத்தது. அவள் டார்ச்சை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

திரை வெளிச்சமானது. அக்கா சிரிக்கிறாளா விக்குகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயோ, வந்துடுச்சு!" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு அவள் பேச்சு சோதனைக்காரியின் பேச்சாக மாறிவிட்டது. "இங்க பாரு. சட்டம் துளிகூட வளையல. போர்டு ஸ்க்ரூ ஒண்ணும் லூசாகல. பெட்டி நல்ல பெட்டிதான்டா. கதவுதான் உருப்படாது."

"வேற வாங்கணுமா?"

"எதுக்கு? உனக்கு உள்ள தெரியணும், எனக்கு வெளிய விழக் கூடாது. அவ்வளவுதானே?"

இயந்திரங்களுக்கு மறைப்பாகப் போடுகிற தடித்த, தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. ஐயோ சார் இரண்டு ஐயோவுக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மிச்ச வேலையை அக்கா தொடவே இல்லை. தம்பிதான் அளந்து அறுத்தான், அரம் போட்டு ஓரத்தை மழுக்கினான், சட்டத்தில் துளையிட்டு, ரப்பர் வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்கினான். கார்டின் வாலுக்கு ஒரு இரும்புத் துண்டை வளைத்து முட்டுக் கொடுத்தான். வேலை செய்யும்போது அவன் வாய் ஏதோ மெட்டை முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும்.

மறுபடி மேசைமேல் ஏற்றியபோது அவள் விலகி நின்றாள். "நீ போடு."

அவன் விசையைத் தட்டினான். நடுக்கம், குலுக்கம், பிறகு கடல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் பார்த்தாள். தகடு 'ங்ங்' என்று முனகியதே தவிர வேறு சத்தமில்லை. அவன் நிறுத்தவில்லை. போதும் போதும் என்று அவள் கத்துகிறவரைக்கும் ஆட்டினான். நின்ற பிறகு பார்த்தால் ஒரே ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதற்கு மட்டும் உதறினாலும் கழலாத நட்டு ஒன்றைப் போட்டான்.

அவன் கப்பலேறினான். போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அக்கா போனைக் குளியலறைக்கும் கொண்டு போனாள். வேலையில் ஒரு தப்பான பெட்டிக்கு முத்திரை குத்திவிட்டு ஓடிப்போய் அழித்தாள். 'கடல்ல சிக்னல் கிடைக்காது' என்று சொன்ன குற்றத்துக்காகக் கணவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. செய்தி எழுத எடுப்பாள். 'மாத்திரை' என்று விரல் போகும். அழித்துவிட்டு, 'கார்டு எவ்வளவு சூடு?' என்று மட்டும் அனுப்புவாள்.

ஒரு மதியம், சோதனைக் கூடத்தில் பெட்டிகள் ஆடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேசையை நிறுத்திவிட்டு எடுத்தாள்.

"அக்கா! துறைமுகத்துக்கு வந்துட்டோம். புயல்ல மாட்டிக்கிட்டோம்கா, நாலு நாள். எழுந்து நிக்க முடியல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"நெத்தில வீக்கம். நாற்காலியோட கவுந்துட்டேன். கேபினெட் அப்படியே குத்துக்கல் மாதிரி நிக்குது, நாற்காலிக்குத்தான் கால் போச்சு. நீ ஏன் நாற்காலியை மேசைமேல ஏத்திப் பாக்கல?"

பின்னணியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். யார் என்று கேட்டாள்.

"சமையல்காரரு. தினம் விளையாட வந்து உக்காந்துடறாரு. வண்டி ஓட்டத் தெரியாது, எல்லாத்தையும் சுவத்துல மோதறாரு. இன்ஜின் ரூம் ஆளுங்க வேற வரிசையில நிக்கறாங்க. எனக்கே என் கேபின்ல இடமில்லக்கா."

அவன் பேசிக்கொண்டே போனான். சமையல்காரரின் குறட்டை, கேப்டனின் கோபம், புயலில் மிதந்த செருப்பு. அக்கா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கார்டு சூடு கேட்டிருந்தியே? நல்லாத்தான் இருக்கு. சரிக்கா, வெக்கறேன். என் முறை வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.