பூட்டுக்காரனைக் கொல்ல ஒற்றை விரல்

நான் கையால்தான் நாவல் எழுதுவேன். பேனா ஓடினால்தான் எனக்குக் கதை வரும். கம்ப்யூட்டரைத் திறந்தால் கொட்டாவிதான் வரும். என் கோழிக்கிறுக்கலைப் படித்து டைப் அடிப்பவள் என் நாத்தனார். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது புரியும். அந்தத் திமிரும் அவளுக்கு நிறையவே உண்டு.

கடைசி அத்தியாயம் அன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் இந்த வருஷம் புத்தகம் கிடையாது என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பக்கத்த நான் அடிக்க மாட்டேன், அண்ணி."

"ஏண்டி, என்ன வந்துச்சு உனக்கு?"

"கதாநாயகனையே சாகடிச்சிருக்கீங்களே! அந்தப் பூட்டுக்காரனோட முந்நூறு பக்கம் குப்பை கொட்டியிருக்கேன். எனக்கு அவன ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வேணும்னா நீங்களே கொன்னுக்குங்க!"

எனக்கு வந்ததே கோபம்! பெற்றவள் நான், பாசம் பொங்குவது இவளுக்கா? "நகருடி" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டேன்.

பேனாவால் அவனைக் கொன்றது அரைப் பக்க வேலை. மாடிப்படியில் உருட்டிவிட்டு, மூச்சை நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். இங்கேயோ ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். அவன் கால் வழுக்குவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நான் அடுத்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பாவி பாதிப் படியில் அந்தரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது.

"சட்டுபுட்டுனு கொல்லுங்க அண்ணி, இருட்டிடப் போகுது" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"சும்மா இருடி! எனக்கே அவனத் தள்ள மனசு வரல."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வர, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தோம். நாற்காலியை அவளுக்கே விட்டேன்.

"நீ அடி, நான் சொல்றேன். கைப்பிடியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்."

அவள் விரல்கள் பறந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "ம், அப்புறம்?"

அப்புறம் என்ன என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. எழுதினால்தான் தெரியும். எத்தனை பக்கமோ, எத்தனை மாசமோ! பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

"நாவல் இன்னும் முடியல, சார்."

"என்னம்மா விளையாடுறீங்க? ஆளு செத்தாச்சுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? அப்ப இந்த வருஷம் புத்தகம் இல்ல, தெரியும்ல?"

"இல்லாட்டிப் போகுது சார்" என்றேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆளு பொழச்சிட்டான்!"