பாதி நீல வட்டம்

நடைப்பயணத்தின் ஒன்பதாம் நாள் காலை, வரைபடத்தில் இருந்த பாதி நீல வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் மச்சானுக்கும் தெரியவில்லை. முழு நீலம் என்றால் தண்ணீர் உண்டு. வெறும் வட்டம் என்றால் வற்றிய தொட்டி. இதையே பாலைவனத்தில் நடந்து நடந்துதான் கண்டுபிடித்திருந்தோம். கையில் ஆளுக்கு ஒரு லிட்டர். அடுத்த முழு நீலம் முப்பது கிலோமீட்டர் தள்ளி. பாதி வட்டமோ வழியை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே. போய் ஏமாந்தால் அந்த முப்பதைத் தாண்ட முடியாது.

விளக்கமெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் அச்சடித்திருந்தது. அந்த ஓரம் மச்சானின் தையல் கடைக் குப்பைக் கூடையில் கிடந்தது. முதுகுச் சுமையைக் குறைக்கிறோம் என்று ஒரு வாரம் அந்தக் கடையில் உட்கார்ந்து கண்டதையெல்லாம் கத்தரித்திருந்தோம். டூத்பிரஷ் காம்பு, சட்டை லேபிள், பையில் தொங்கிய உபரி வார். நாலு கிராம் குறைந்தால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான்.

"கத்தரி கையில வந்துட்டா கண்ணு தெரியாதா மச்சான்?" என்று ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவர் என் மனைவியின் அண்ணன். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினார்.

"வெட்டும்போதே கேட்டேன் மாப்ள. பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கேன்னு. நீங்கதான், அதையெல்லாம் யார் படிக்கிறா, வெட்டுங்கன்னீங்க."

சொன்னேன்தான். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பொடி எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வரைபடத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

"பாதித் தொட்டித் தண்ணின்னு அர்த்தமா?" என்றார்.

"அப்படின்னா கால் வட்டம், முக்கால் வட்டம் எங்கயாவது இருக்கணுமே. இல்ல."

"பாதி வருஷம்தான் தண்ணி வருமோ?"

"எந்தப் பாதின்னு மாசம் போட்டிருப்பாங்க."

இனி வரும் வழியில் இன்னும் மூன்று பாதி வட்டங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கீழ்ப்பாதிதான் நீலம். அதைக் காட்டினேன். மச்சான் தாடையைச் சொறிந்தார்.

"தண்ணி தரைக்குக் கீழ இருக்குன்னு சொல்றாங்களோ? எதுக்கும் போய்ப் பாத்துடலாம் மாப்ள. பாக்காம போனா மண்டை வெடிச்சிடும்."

எனக்கும் அதே அரிப்புதான். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலை இழுத்துப் போனது அந்தக் குறுகுறுப்பு.

ஒன்றரை மணி நேரம் கழித்து, சரளைக் கற்களுக்கு நடுவே தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி. இருவருமாக நெம்பித் திறந்தோம். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. ஒரு கல்லைப் போட்டேன். 'ப்ளக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதுவிட்டேன்.

தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்தில் இருந்தது. வாளி இல்லை. எடை கூடும் என்று நாங்கள் ஒரு முழக் கயிறுகூடக் கொண்டுவரவில்லை.

மச்சான் பேண்ட்டைக் கழற்றினார். நூல் வெட்டும் குட்டிக் கத்தரியால் கால் நுனியில் ஆரம்பித்து, ஆப்பிள் தோல் சீவுவது போலச் சுற்றிச் சுற்றி வெட்டினார். அறுபடாமல் நீளமான ஒரே பட்டை வந்தது. முறுக்கி, நுனியில் பாட்டிலையும் ஒரு கல்லையும் கட்டி இறக்கினோம். வயிறு முட்டக் குடித்தோம். எல்லா பாட்டிலும் நிரம்பியது.

கிளம்பும்போது அவர் அந்தக் கயிற்றை மூடியின் வளையத்தில் இறுக்கிக் கட்டினார்.

"என்ன மச்சான், விட்டுட்டுப் போறீங்க?"

"அடுத்து வர்றவனும் எடை பாத்துட்டுக் கயிறு இல்லாமத்தான் வருவான் மாப்ள. தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சும் வாய்க்கு எட்டலன்னா பாவம்."

"சரி, அடுத்த பாதி வட்டத்துக்கு நமக்குக் கயிறு?"

மச்சான் என் பேண்ட்டைப் பார்த்தார்.

ஓரத்தை வெட்டச் சொன்னவன் நான். மறுபேச்சு பேசாமல் கழற்றிக் கொடுத்தேன்.