இரண்டாம் முகாமில் பதினைந்து கிலோ

கதவைக் கழற்றியாயிற்று, பின் இருக்கைகளையும் கழற்றியாயிற்று. துணை விமானியை அடிவார முகாமிலேயே இறக்கிவிட்டு, கொஞ்சம்போல எரிபொருளோடு ஹெலிகாப்டரில் ஒண்டியாக வந்திருந்தார் கேப்டன் கார்க்கி. எவரெஸ்டின் இரண்டாம் முகாமில் காற்று அவ்வளவு மெலிசு. விசிறிக்குப் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. வெயில் ஏறினால் அந்தக் காற்றும் இளகிப்போகும். அதற்குள் மலையேற வந்த ஷெர்பா பின்ஜோவைத் தூக்கியாக வேண்டும். மூளையில் நீர் கோத்து, நேற்றிலிருந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான்.

நான்கு ஷெர்பாக்கள் அவனைப் போர்வையோடு தூக்கிவந்து கிடத்தினார்கள். இயந்திரம் ஓரடி எழும்பி, சண்டி மாடாய் மறுபடியும் பனியில் உட்கார்ந்தது. இன்னொரு தடவையும் அதே கதைதான். கணக்குப்படி இவனைத் தூக்கியிருக்க வேண்டும். கார்க்கி எரிச்சலோடு போர்வையை விலக்கினார். காலடியில் இரண்டு ஆக்சிஜன் உருளைகள், ஒரு கயிற்றுக் கட்டு, இரும்பு முள் மாட்டிய பூட்ஸ்.

“யாருய்யா இதெல்லாம் வச்சது?”

“நான்தான்,” என்றான் பின்ஜோவின் அண்ணன் டெண்டி. “வழியில மூச்சு முட்டுனா வேணுமில்ல?”

“பதினஞ்சு கிலோ தேறும்யா.”

“பதினஞ்சா? அதெல்லாம் ஒரு கனமா, கேப்டன்? எங்க வீட்டுப் பொம்பளைங்க அதைச் சுமந்துகிட்டுப் பாட்டுப் பாடிட்டே ஏறுவாங்க.”

“அவங்க ஏறுவாங்க. என் மெஷின் ஏறாது.”

முப்பது கிலோவை முதுகில் போட்டுக்கொண்டு சிகரம் ஏறுகிறவனுக்கு இதை எப்படி விளங்கவைப்பது? கார்க்கிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கே சுவர்கூட இல்லை. எல்லாவற்றையும் வெளியே தள்ளினார்கள். அதற்குள் வெயில் முகாம் முழுக்க இறங்கிவிட்டது. இந்தத் தடவை மூன்றடி எழும்பியது, அவ்வளவுதான். எரிபொருள் முள்ளும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“இறக்கிடுங்க.”

“அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே?”

“வெயில் ஏறிடுச்சு. மொதல்லயே எடுத்திருந்தா போயிருக்கும்.”

டெண்டியின் முகம் செத்துப்போயிற்று. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று கார்க்கிக்கு அப்புறம்தான் பட்டது. “கீழ மொத முகாமுக்குத் தூக்கிட்டு வாங்க. அங்க காத்து கொஞ்சம் தேவலாம். நான் எண்ணெய் போட்டுட்டு வந்து நிக்கிறேன்.”

பின்ஜோ இல்லாத இயந்திரம் சுலபமாக எழுந்து போனது.

நடுப்பகலில் டெண்டி முதல் முகாமுக்கு வந்துசேர்ந்தான். தம்பியை முதுகோடு கட்டியிருந்தான்.

“சீக்கிரம் ஏத்து,” என்று கத்தினார் கார்க்கி.

டெண்டி பதறவில்லை. தம்பியை உள்ளே கிடத்தி, முகத்தை மூடினான்.

“மெதுவாவே போங்க, கேப்டன். இனிமே அவசரமில்ல.”

இயந்திரம் ஒரே இழுப்பில் எழும்பியது. அதை அடித்து நொறுக்க வேண்டும்போல் கார்க்கிக்கு ஆத்திரம் வந்தது.